தோதுப்பட்டா ஒரு வண்டி

கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு மாதம் அரைப் பட்டினி கிடந்தார். கிடக்க வைத்தது நான்தான், ஆனால் எனக்கு அது தெரியாது. நான் தாமிரபரணிக் கரைக்காரி. எங்கள் பக்கம் பசித்தவன் "இன்னும் ரெண்டு வை" என்பான், வயிறு நிறைந்தவன் எழுந்து போய்க் கை கழுவுவான். இவரோ இரண்டாவது தோசையிலேயே "போதுங்க" என்றார். புதுப் பெண்டாட்டிக்குக் கூட 'ங்க' போடுகிற ஊர் இது. அளவாகச் சாப்பிடுகிற மனிதர், நல்ல பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிடுவேன்.

குட்டை உடைத்தவர் அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அடுத்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் அலுவலர். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் நிலையத்துக்கு அலுவலர். இருவருக்கும் பத்துப் பன்னிரண்டு வயது வித்தியாசம் இருக்கும். ஒருநாள் சாப்பிட வந்தவர், நான் இவர் தட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தமே வராது, தோள்தான் ஆடும்.

"ஏனம்மணி, தம்பி போதுங்கன்னா நீங்க நம்பிப்போட்டீங்களா? முதல் போதுங்கன்னா இன்னொண்ணு வைக்கோணும். ரெண்டாவது போதுங்கன்னா அரை வைக்கோணும். கையை விரிச்சுத் தட்டை மறைச்சாருன்னாத்தான் நெசமாலும் போதும்."

நான் இவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். கையால் தட்டை மறைக்கவில்லை. அன்றைக்கு ஏழு தோசை சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கோபம்தான் முதலில் வந்தது. பசிக்கிறது என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

இது தொண்ணூறுகளின் தொடக்கம். பல்லடம் தாண்டி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கோழிப்பண்ணையும் தறிக்குடோனுமாக இருக்கிற ஊர். நிலையத்துக்கு ஒரே ஒரு வண்டி. பின்னாலேயே எங்கள் குவார்ட்டர்ஸ். என் சமையலறை ஜன்னலுக்கு நேரே வாட்ச் ரூம் ஜன்னல். டெலிபோனும் மணியும் இருக்கிற அந்த அறையில் எந்த நேரமும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அதனால் ஊரில் எங்கே எரிந்தாலும் ஊர்க்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், மணி அடிக்கும், இவர் தட்டை விட்டு எழுந்து ஓடுவார். திரும்பி வரும்போது குழம்பும் ஆறியிருக்கும், அவரும் ஆறியிருப்பார்.

தீயணைப்பு வண்டியைப் பார்க்கிற ஜனங்கள் அதற்குள் ஒரு குளமே இருப்பதாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் ஒரு காபி குடித்து முடிக்கிற நேரத்துக்குக் கூட வராது. தீர்ந்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைத் தேடிப் போக வேண்டும். மோட்டார் போடக் கரண்ட் இருக்க வேண்டும். அதற்குள் அணைத்த இடமெல்லாம் மறுபடி பற்றிக்கொள்ளும். அதிலும் பஞ்சு இருக்கிறதே, மேலே அணைந்த மாதிரி காட்டிவிட்டு உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். ஆகவே இரண்டாவது வண்டி வேண்டும். இரண்டாவது வண்டி வரும் என்கிற தைரியத்தில்தான் முதல் வண்டியின் ஆள் உள்ளே போகிறான். இதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவருடைய வேலையைப் பற்றி அவர் பெரிதாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

ஆனால் அந்த இரண்டாவது வண்டி இன்னொரு ஊரின் வண்டி. அதை இங்கே வரவழைத்துவிட்டால் அந்த ஊர் வெறும் கையோடு நிற்கும். அந்த நேரம் பார்த்து அங்கே மாட்டுக்கு அடுக்கி வைத்த ஒரு சோளத்தட்டுப் போர் பற்றிக்கொண்டால் அங்கிருக்கிற அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். முறைப்படி மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அவர்கள் அடுத்த நிலையத்துக்குச் சொல்லி, அப்புறம்தான் வண்டி எல்லை தாண்டலாம். அந்தக் காலத்து டெலிபோனில் அதற்குள் கூரை இறங்கிவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்து அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டு, மேலே பிறகு சொல்லிக்கொள்வார்கள். தமிழ்நாடு முழுக்கவே அப்படி அரைகுறையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. உன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு என் வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிற மாதிரியான காரியம் அது. அதை எப்படிக் கேட்பது?

எங்கள் ஊராக இருந்தால் சத்தம் போட்டுக் கேட்போம். இவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதை என் ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"ஏனுங்ணா, சும்மா இருக்கீங்களா? ... அதொண்ணுமில்லீங்ணா, இங்க ஒரு சின்னப் புகைச்சலுங்க. நாங்க பாத்துக்குவமுங்க. தோதுப்பட்டா ஒரு வண்டியை மெயின் ரோட்டு வரைக்கும் கொண்டாந்து நிறுத்துனாப் போதுங்க. அவசரமில்லீங்க."

சொல்லி வைத்துவிட்டு வண்டியில் ஏறிப் பறந்தார். நான் கரண்டியோடு நின்றேன். தீ எரிகிறது, இந்த மனிதர் புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பு வைக்கிறார்! அன்று பார்த்தால், இவர்கள் போய்க் குழாயை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றதாம். சாயங்காலம் கேட்டேன், அவசரமில்லை என்று சொன்னீர்களே, அவர் மெதுவாக வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

"அண்ணனுக்குப் புரியும் அம்மணி" என்றார்.

புரிந்தது உண்மைதான். அண்ணன் போன் செய்தாலும் இதே கதைதான். அவர் "ஒரு சின்ன சோலிங்க தம்பி" என்றால் இவர் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடுவார். "கொஞ்சம் பெரிய சோலிங்க" என்று அண்ணன் சொல்லி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு பஞ்சு மில்லே போயிற்று.

நேரில் வந்தாலும் அப்படித்தான். அண்ணன் தன் பழைய மோட்டார் சைக்கிளை எங்கள் வாசலில் எப்போதும் ரோட்டைப் பார்த்தே திருப்பி நிறுத்துவார். தீயணைப்புக்காரர் பழக்கம், கிளம்பும்போது திருப்புகிற நேரம் மிச்சம். உள்ளே வந்து மழையைப் பற்றிப் பேசுவார். ஆனைமலைப் பக்கம் இருந்த தன் தென்னந்தோப்பைப் பற்றிப் பேசுவார். தேங்காய் கொண்டு வந்து வைப்பார். காபி குடித்து, விடைபெற்று, வண்டியை உதைக்கப் போகும்போதுதான் வந்த விஷயம் வெளியே வரும். "அப்பறமுங்க தம்பி, உங்ககிட்ட ஹோஸ் ஒண்ணு எச்சா இருக்குமுங்களா? இல்லாட்டியும் பரவால்லீங்க." அதற்குள் இவர் ஒரு ஆளை அனுப்பி உபரியாக இருந்த ஹோஸைச் சுருட்டிக் கட்டி எடுத்து வரச் சொல்லியிருப்பார்.

"இதைக் கேக்கத்தானே அண்ணா வந்தீங்க? வந்ததும் கேட்டா என்ன?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"வந்ததும் கேட்டா அதுக்குத்தான் வந்தம்னு ஆயிருமுங்களே அம்மணி" என்றார், தோளைக் குலுக்கிக்கொண்டு. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருஷம் சித்திரைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அண்ணன் தன் நிலையத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு லீடிங் ஃபயர்மேனை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். என் ஊர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும். அண்ணன் இல்லாத நாளில் நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. இலை போட்டதும் "அக்கா, சோறு இன்னும் வைங்க. குழம்பு நல்லா இருக்கு, அதையும் ஊத்துங்க" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. இத்தனை நாளில் என் சமையலை நேராகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் ஆள். அண்ணனும் இவரும் அதிசயத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்திரை மாதம், உச்சி வெயில். கழிவுப் பஞ்சு போட்டு வைத்திருந்த ஒரு குடோனில் தீ. ஒருவர் மொபெட்டை வாசலிலேயே கீழே போட்டுவிட்டு ஓடி வந்து சொன்னார். அவர் சொல்லாமலே தெரிந்திருக்கும், மேற்கே அவ்வளவு புகை. மணி அடித்தது. ஆட்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருக்க, இவர் வாட்ச் ரூமுக்குள் போய் அண்ணனின் நிலையத்துக்கு போன் போட்டார். நான் ஜன்னலில் நின்றேன்.

"ஏனுங்ணா ... ஓ, அண்ணன் இல்லீங்களா? லீவுங்களா? பரவால்லீங்க, பரவால்லீங்க. நல்லா இருக்கீங்களா சார்? ... அதொண்ணுமில்லீங்க சார், இங்க ஒரு குடோன்ல கொஞ்சம் புகைச்சலுங்க. நாங்க கெளம்பிட்டமுங்க. உங்களுக்குத் தோதுப்பட்டா ஒரு வண்டி ... ஆமாங்க, ஆமாங்க. அவசரமில்லீங்க சார். உங்களுக்குத்தான் தொந்தரவு."

அண்ணனின் தோப்பில் கிணற்று மோட்டார் பழுதாகி, அன்று காலையில்தான் திடீரென்று லீவு போட்டுவிட்டு ஆனைமலைக்குப் போயிருந்தார். போனை எடுத்தவர் என் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அந்தத் தம்பி. தெரிந்தவர்களிடமே அவ்வளவு பணிவாகக் கேட்கிற என் வீட்டுக்காரர், அதிகம் பழகாத ஆள் என்பதால் இன்னும் நாலு மடங்கு பணிவாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வண்டி புறப்பட்டுவிட்டது என்கிற முழு நம்பிக்கையோடு போனார்.

அங்கே நடந்தது பின்னால் விசாரணையில் வந்தது. அண்ணன் நிலையத்து ஆட்கள் அப்போதுதான் ஒரு தட்டுப் போர் தீயை அணைத்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். வண்டியில் தண்ணீர் இல்லை. அந்தத் தம்பி பொறுப்பான ஆள்தான். அவசரமில்லை என்றுதானே சொல்கிறார் என்று வண்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னார், ஆட்களைச் சாப்பிடச் சொன்னார், பிறகு கிளம்பினார். அவசரம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் போகிற வழியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பறந்திருப்பார்.

இங்கே தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கிணறு இருந்தது, மோட்டார் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் அந்த நேரத்தில் இல்லை. குடோனை ஒட்டி ஊர்க்காரச் சகோதரர்கள் இரண்டு பேர் சேர்ந்து போட்ட தறிக்குடோன். சுவர் ஒன்றே ஒன்றுதான் நடுவில். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் குழாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் நிலையத்து ஃபயர்மேன் ஒருவர் உள்ளே நின்றிருந்தார். தண்ணீர் குறைகிறது, வெளியே வரட்டுமா என்று அவர் குரல் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சொன்ன பதிலை அந்த ஃபயர்மேனே ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: "வண்டி வந்துட்டே இருக்குதுங்க, இன்னும் சித்த நேரம் புடிங்க."

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி வரவில்லை. கூரைச் சிமெண்ட் ஓடுகள் வெடித்து விழுந்தன. வலது கையும் தோளும் வெந்துபோய் அவரை வெளியே இழுத்தார்கள். தறிக்குடோன் தரையோடு போயிற்று, பாவு நூலோடும் துணியோடும். எல்லாம் முடிந்து சாம்பல் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது வண்டி வந்தது. நிறையத் தண்ணீரோடு வந்தது.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் துண்டோடு நின்றேன்.

"நான் கேட்டேன் அம்மணி. கேட்டேனில்ல?"

"கேட்டீங்க. நான்தான் ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தேனே."

"கேட்டேன்" என்றார் மறுபடி. சமாதானம் சொல்லிக்கொள்கிற குரல் இல்லை அது. கணக்கு எங்கே தப்பியது என்று தெரியாதவரின் குரல்.

விசாரணையில் யாரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் கூட ஒருவர் மேல் கோபப்பட்டுத் தீர்த்திருக்கலாம். இவர் உதவி கேட்டேன் என்றார், கேட்டிருந்தார். அந்தத் தம்பி அவசரமில்லை என்றார்கள் என்றார், அப்படித்தான் இவர் சொல்லியிருந்தார். கடைசியில் அந்தத் தம்பியைக் கடற்கரைப் பக்கம் ஏதோ ஊருக்கு மாற்றினார்கள். போவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

"அக்கா, நீங்க நம்ம ஊரு. நீங்களே சொல்லுங்க. அவசரம் இல்லேன்னு ஒருத்தர் சொன்னா அவசரம் இல்லேன்னுதானே அர்த்தம்?"

என் அம்மா வீட்டுப் பேச்சில் அவர் சொன்னது சரி. என் புருஷன் வீட்டுப் பேச்சில் என் புருஷன் சொன்னது சரி. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த நேரத்தில் ஜன்னலில் கரண்டியோடு நின்றேனே தவிர, போனின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று கூட எனக்குத் தெரியாது. அவருக்கு இலை போட்டேன். அன்றைக்கு அவரும் "போதும் அக்கா" என்று சீக்கிரம் எழுந்துவிட்டார்.

தீ நடந்த மறுநாளே அண்ணன் வந்திருந்தார். மோட்டார் சைக்கிளை ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். "நான் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். இவரும் "அதொண்ணுமில்லீங்ணா" என்றார். அண்ணன் காபி வேண்டாமென்று போய்விட்டார். அதற்குப் பிறகு வருவது நின்றுபோயிற்று. தான் வந்தால், நானில்லாமல் போனதால்தானே என்று சொல்லிக்காட்டுவது போல ஆகும் என்று அவர் நினைத்தார். தான் போனால், நீங்களில்லாமல் போனீர்களே என்று குறை சொல்வது போல ஆகும் என்று இவர் நினைத்தார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கலாம் போல இருந்தது. சண்டை போட்டிருந்தால் யாராவது சமாதானம் செய்து வைத்திருக்கலாம். மரியாதையால் பிரிந்தவர்களை என்ன சொல்லிச் சேர்த்து வைப்பது?

அதற்குள் மாநிலம் முழுவதற்கும் ஒரே முறை வந்தது. எங்கள் தீயினால் மட்டும் வந்ததல்ல, ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஏதோ ஒன்று நடந்திருக்கும். உதவி கேட்கிற நிலையம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தார்கள். எங்கே தீ, என்ன எரிகிறது, எத்தனை வண்டி வேண்டும், எந்த வழியாக வர வேண்டும். எந்த ஊர் வண்டி போனால் அந்த ஊருக்கு எந்த ஊர் வண்டி காவல் நிற்கும் என்பது வரை. நிலையங்களுக்கு வயர்லெஸ் வந்தது. பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்று பழக்கினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் 'ஓவருங்க' என்றார்கள். வெறும் ஓவர் என்றால் அதிகாரியை வாடா போடா என்கிற மாதிரி இருக்கிறதாம். நான் ஜன்னலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் இவரைக் கோயம்புத்தூருக்கு, கட்டுப்பாட்டு அறைக்குப் போட்டார்கள். எந்த நிலையம் கூப்பிட்டாலும் எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கிற வேலை. அதில் அவரைப் போல யாரும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த முனையில் ஒருவர் "ஒண்ணும் பெருசில்லீங்க" என்று ஆரம்பித்தால் இவர் விட மாட்டார். "எத்தனை வண்டி வேணும்? எண்ணிக்கையைச் சொல்லுங்க." அவர் தயங்கினால் "உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?" பல குடோன்கள் பிழைத்தன, பல ஆட்கள் முழுக் கையோடு வீடு திரும்பினார்கள். நான் அந்த முறையைக் குறை சொல்லவே மாட்டேன். முன்பே வந்திருக்க வேண்டியது.

ஆனால் மனிதர் மாறிவிட்டார். வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்தார். "காபி வேணும். இப்ப." "மூணு தோசை. போதும்." போதும் என்றால் போதும்தான், நான்காவதை வைத்தால் அப்படியே தட்டில் இருக்கும். "சொல்றதைச் சொன்னபடி கேட்டுப் பழகுங்க" என்று பிள்ளைகளிடம் கூடச் சொல்வார். பசித்தால் வாயைத் திறந்து கேட்கக் கூடாதா என்று கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்தவள் நான். இப்போது கேட்டார், நேராகவே கேட்டார். என் மனசு அந்த அரைப் பட்டினிக்காரரைத் தேடியது. தலைகுனிந்துகொண்டு ஏழு தோசை சாப்பிட்டாரே, அவரை.

அண்ணன் ஓய்வுபெற்று ஆனைமலைத் தோப்புக்கே போய்விட்டார். பிரிவு உபசார விழாவுக்கு இவர் போய் ஒரு துண்டு போர்த்திவிட்டு வந்தார். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லா இருக்காரு" என்றார். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. தீபாவளிக்கு முன்னால் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தீயணைப்புக்காரர் வீட்டில் தீபாவளி கிடையாது, அது அவர்களுக்கு வேலை நாள். ஊரே பட்டாசு வெடிக்கும், இவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பண்டிகை முடிந்து சில நாள் கழித்துத் திரும்பி வந்தேன். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன், இவர் ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொன்னார்.

"அண்ணன் போன் பண்ணியிருந்தாரு. தீபாவளிக்கு முன்னாடி."

எனக்கு ஒரே சந்தோஷம். "என்ன சொன்னாரு? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

இவர் யோசித்து யோசித்துச் சொன்னார். மழை எப்படி என்று கேட்டாராம். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாராம். வயர்லெஸ்ஸெல்லாம் நன்றாக வேலை செய்கிறதா என்று விசாரித்தாராம். தோப்பில் இந்தத் தடவை காய் குறைவு என்றாராம். வைக்கப் போகும்போது, "அப்பறமுங்க தம்பி, எனக்கு வயித்துல ஒரு சின்னக் கோளாறுங்க. கோயமுத்தூர்ல காட்டிப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். தோதுப்பட்டா ஒரு நாளைக்கு அம்மணியோட வந்துட்டுப் போங்க" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்ப வரணுங்ணான்னு கேட்டேன். அவசரமில்லீங்கன்னாரு. செரிங்ணா, தீபாவளி டூட்டி முடியட்டும், வாரேன்னேன்."

கரண்டி என் கையிலேயே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒளிவுமறைவு இல்லாத முகம். நேராகக் கேட்டார், பதில் வந்தது, வந்த பதிலை அப்படியே எடுத்துக்கொண்டார். ஊர் ஊராக எத்தனையோ பேரை அப்படிக் கேட்டுத்தான் காப்பாற்றியிருந்தார். எனக்குக் கோபப்படக் கூட முடியவில்லை.

"ஏங்க, அண்ணன் அவசரமில்லைன்னு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு எழுந்து கை கழுவினார்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். பொள்ளாச்சியில் இறங்கி ஆனைமலை பஸ் மாறினோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. டிரைவர் ஸ்டாப்பில் நிறுத்தும்போதெல்லாம் இவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

தோப்பு வாசலில் செருப்புகள் கிடந்தன. நிறையச் செருப்புகள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். கோழி கூப்பிடுகிற நேரத்துக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். அண்ணனின் மகன் எங்கள் வீட்டுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தானாம். நாங்கள் பஸ்ஸில் இருந்தோம்.

சுவரோரம் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது, ரோட்டைப் பார்த்தபடி.

அண்ணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்திருந்தார். "நேத்துப் பொழுதோட கூட, ரோட்டுல வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பாரு, தம்பியா இருக்கும்னாருங்க" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பதறிப்போய் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அவ்வளவு துக்கத்திலும் எங்கள் மனம் நோகக் கூடாது அந்த அம்மாளுக்கு.

"அதொண்ணுமில்லீங்க தம்பி. டூட்டியெல்லாம் விட்டுப்போட்டு இத்தனை தூரம் வந்தீங்களே. நீங்க வந்ததே போதுங்க."

என் வீட்டுக்காரர் அந்தச் செருப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் போதுங்கவுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.